கொல்லிமலைப் பாட்டி

அவர் பணக்கார வீட்டுப் பெண். அழகி. ஓவியம் தீட்டக் கற்றவர். ஆனால் அவர் வாழ்வின் கடைசி 20 ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது!

யார் அவர்? கொல்லிமலை மக்கள் பாட்டி என்று அழைத்த எவ்லின் பிராண்ட் அம்மையார்தான்.

லண்டன் மகள்

எவ்லின் 1879-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை வசதி படைத்த வணிகர். பட்டு உடைக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் குறைவில்லை. அவற்றை விட்டுவிட்டு, கிறிஸ்தவ ஊழியம் செய்யக் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்.

சேலம் ஜில்லாவில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞர் ஊழியம் செய்து வந்தார். 1913-ல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கல்யாணம் முடிந்த கையோடு மணமக்கள் கொல்லிமலைக்குப் புறப்பட்டார்கள். இன்று போல் அன்று 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார் ரோடு கிடையாது. கொட்டும் மழையில் நனைந்துகொண்டே மலை ஏறினார் மணப்பெண்.

வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அந்நாளில் அங்கே மலேரியாக் காய்ச்சலும் குடியிருந்தது. கணவனும் மனைவியும் மருந்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள். தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். ஆண்டுகள் பல ஓடின. அவர்கள் சொன்ன மதத்தில் ஒருவர்கூடச் சேரவில்லை. ஆனாலும் மருந்து கொடுப்பதை அவர்கள் நிறுத்தவில்லை.

எதிரியின் குழந்தை

1918-ல் உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சல் கொல்லிமலையையும் தொட்டது. பிராண்ட் தம்பதிகளை எதிர்த்து வந்த பூசாரி ஒருவர் படுத்துவிட்டார். பயந்துபோய் மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். பிராண்ட் தம்பதிகள் அவர் குடிசைக்கே போய்ப் பணிவிடை செய்தார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தமது பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். எவ்லின் அக்குழந்தையைத் தம் மகளைப்போல் வளர்த்தார்.

பேரிடி

1929-ல் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். படிப்புக்காகச் சென்ற பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் இருந்தார்கள். எவ்லினுக்கு அப்போது வயது 50. ஊருக்குத் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ இங்கேயே தொடர்ந்து ஊழியம் செய்தார்.

எழுபதை நெருங்கியபோது, வயதாகிவிட்டது என்று கூறி, அவரை மறுபடி அனுப்ப மிஷன் சங்கம் மறுத்தது. ஒரே ஒரு ஆண்டு மட்டும் என்று கேட்டு அனுமதி பெற்று வந்தார். ஆண்டு முடிந்ததும் சங்கத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு மூட்டையைக் கட்டினார். எங்கே? லண்டனுக்கு அல்ல, கொல்லிமலைக்கு! பதவி இல்லை, சங்கத்தின் உத்தரவும் இல்லை. ஒரு சிறு குடில்தான் அவர் மாளிகை.

சங்கத்தின் சொல்லை மீறியவர் எப்படிப் பணிவுள்ளவர் ஆவார் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அவர் பிடிவாதக்காரர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் தமக்கு ஒரு நாற்காலி கேட்டதல்ல. பிறர் காலடியில் உட்கார இடம் கேட்டது.

நரம்புச் சிலந்தி

அந்நாளில் நரம்புச் சிலந்தி நோய் ஏழைகளை வாட்டியது. நீளமான புழு காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலை நீட்டும். அந்தக் காலோடு ஒருவர் கிணற்றில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அதைக் குடிப்பவருக்கும் நோய் வரும். கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் கட்டுங்கள், யாரும் கால் நனைக்காதீர்கள் என்று பாட்டி ஊர் ஊராய்ச் சொன்னார். சர்க்கார் உத்தரவு போட்டால்கூடக் கேட்காதவர்கள், பாட்டி சொன்னதும் கேட்டார்கள். ஏன்? பாட்டி தங்களோடு வாழ்ந்தவர் என்பதால்தான். அந்த வட்டாரத்தில் நோய் ஒழிந்தது. 2000-ம் ஆண்டில் இந்தியா முழுவதுமே இந்நோய் நீங்கிய நாடு என்று அறிவிக்கப்பட்டது.

மகன் டாக்டர், தாய் பிடிவாதம்

அவர் மகன் டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்து உலகப் புகழ் பெற்றவர். 75 வயதில் பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, மலையை விட்டு வந்துவிடும்படி மகன் மன்றாடினார். பாட்டி கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். மட்டக் குதிரை மேல் ஏறி மலைக்கு மலை போனார். பச்சைமலை, கல்வராயன் மலை என்று அவர் கால் படாத இடமில்லை.

1974 டிசம்பரில் தமது 95-ம் வயதில் அவர் மறைந்தார். கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இயேசுநாதர் தம் சீடர்களின் கால்களைக் கழுவினார் என்று கிறிஸ்தவ வேதம் கூறுகிறது. தலை குனிந்து கும்பிடுவதும், நான் ஒன்றுமில்லை என்று நாலு பேர் கேட்கச் சொல்வதும் சுலபம். தன்னை மறந்து, பிறர் காலில் உள்ள புண்ணைப் பார்ப்பதுதான் கடினம். பிறர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்குத் தம் முகத்தைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.