காலிக் கட்டத்துக்கும் கணக்கு உண்டு!

குட்டீஸ்... ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் வ.புதுப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நீங்கள் ஒரு மழைமானி வைத்து, தினமும் பெய்த மழையை நோட்டில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் நாள், 10 மில்லி மீட்டர். இரண்டாம் நாள் மழையே இல்லை, அதனால், 0. மூன்றாம் நாள், 20. நான்காம் நாள் உங்களுக்குக் காய்ச்சல். அளக்கவில்லை, கட்டம் காலி. ஐந்தாம் நாள், 30.

சராசரி எவ்வளவு? காலிக் கட்டத்தை 0 என்று எடுத்துக்கொண்டால், 60ஐ 5ஆல் வகுத்து 12 என்பீர்கள். ஆனால், அளந்தது 4 நாட்கள்தானே! 60ஐ 4ஆல் வகுத்தால் 15. காய்ச்சலில் படுத்திருந்த அன்று மழை கொட்டியும் இருக்கலாம், பெய்யாமலும் இருந்திருக்கலாம். 'இல்லை' என்பது வேறு. 'தெரியாது' என்பது வேறு.

இந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டருக்கும் புரியவைக்கப் பாடுபட்டவர்தான், எட்கர் காட்.

இங்கிலாந்தில் உள்ள போர்ட்லாண்ட் தீவில், 1923 ஆகஸ்ட் 19ம் தேதி பிறந்தார் காட். வீட்டில் 7 பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாக இருந்தார். பிறகு அமெரிக்கா சென்று, 1949ல் ஐ.பி.எம்., நிறுவனத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலக் கம்ப்யூட்டர்களில் தகவல்கள் சிக்கலான நூல்கண்டு போலக் கிடந்தன. ஒரு விவரத்தை எடுக்க வேண்டுமானால், அது எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் போல, எல்லாவற்றையும் வரிசையும் பத்தியுமாக அட்டவணையில் வைத்தால் போதும் என்று 1970ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார் காட். அவரது நிறுவனமே அதை உடனே விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. இன்று வங்கி, மருத்துவமனை என எங்கும் அவரது அட்டவணை முறை பயன்படுகிறது. 1981ல், கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

சரி, அட்டவணை என்றால் காலிக் கட்டமும் இருக்குமே? அதற்கு 'நல்' என்று தனி அடையாளம் வைத்தார்கள். ஆங்கிலத்தில், 'வெறுமை' என்று பொருள். 1985ல் காட் வெளியிட்ட புகழ்பெற்ற விதிகளில் மூன்றாவது விதி இதைப் பற்றியதுதான். 'நல்' வேறு, பூஜ்யம் வேறு என்கிறது அந்த விதி.

இது கொஞ்சம் வேடிக்கையான ஆசாமி! ஐந்து பாடங்களில் ஒன்றின் மதிப்பெண் 'நல்' என்றால், கூட்டி வரும் மொத்தமும் 'நல்' ஆகிவிடும். இரண்டு பேரின் பிறந்த நாள் கட்டமும் காலி என்றால், இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்களா? அதுவும் தெரியாது! அதனால்தான் புரோகிராம் எழுதுபவர்கள், கணக்குப் போடும் முன், கட்டம் காலியா என்று முதலில் சோதிக்கிறார்கள்.

ஒரு மருத்துவமனைப் பதிவேட்டில், 'ஒத்துக்கொள்ளாத மருந்து' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. நோயாளியிடம் யாருமே கேட்கவில்லை என்றும் இருக்கலாம் அல்லவா? அதை, 'அப்படி மருந்து எதுவும் இல்லை' என்று கம்ப்யூட்டர் புரிந்துகொண்டால், உயிருக்கே ஆபத்து!

காலிக் கட்டத்திலும் இரண்டு வகை உண்டு என்றார் காட். போன் இருக்கிறது, எண் தெரியவில்லை என்பது ஒன்று. போனே இல்லை என்பது இன்னொன்று. அவருடன் பணியாற்றிய கிறிஸ் டேட் என்ற அறிஞர், 'நல்' வந்தால் குழப்பம்தான் வரும் என்று வாதிட்டார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

காட், 2003 ஏப்ரல் 18ம் தேதி, 79வது வயதில் அமெரிக்காவில் காலமானார்.

இனி, உங்கள் நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அவசரப்பட்டு 0 போட்டுவிடாதீர்கள் குட்டீஸ்! தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால்தான், கணக்கு சரியாக வரும்.