வேலையைக் கொடுத்தவர்

தம்பலகாமத்து வயல்களில் மேல்வயல் நிறைந்ததும் வரம்பை வெட்டிக் கீழ்வயலுக்கு நீர் விடுவர். அது தமிழர் வயலா, முஸ்லிம் வயலா என்று நீர் கேட்பதில்லை. உத்தியோகத்தில் அவ்வாறு விடுவோர் அரியர்.

1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராசச் செட்டியார் ஓய்வு பெற்றார். திருவாவடுதுறை மடத்தில் பாடஞ்சொல்லி வந்த உ. வே. சாமிநாதையரை, மடத்துத் தலைவரை இணங்கச் செய்து, தம் இடத்தில் அமர்த்தினார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பயின்றவரே.

மாதச் சம்பளம் 50 ரூபாய். சிறிய வேலைதான். ஆனால் அது ஐயரைக் கும்பகோணத்தில் நிறுத்தியது. அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணி பற்றிக் கேட்டதே அவரைப் பதிப்புப் பணிக்குத் திருப்பிற்று. சைவ மடத்தில் பயின்றவர் 1887இல் அச்சமண நூலையும், 1898இல் பௌத்த மணிமேகலையையும் அச்சேற்றினார்.

பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் அமைந்த தம் இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். அதைக் காணச் செட்டியார் உயிருடன் இல்லை. நன்றிக்கடனை அவரிடமே தீர்க்க வழியில்லாமற் போயிற்று. ஐயர் அதை அடுத்த தலைமுறைக்குச் செலுத்தினார். பின்னர் கலைமகள் ஆசிரியரான கி. வா. ஜகந்நாதன், உடனிருந்து பதிப்புக் கலை பயின்றது அவரிடந்தான்.