பதினொரு வயதில் பட்டம் கட்டிய பாளையக்காரர்



ரோமாபுரியில் கி.பி. 238-ஆம் ஆண்டு 13 வயதுப் பையன் ஒருவனைப் பேரரசன் ஆக்கினார்கள். மூன்றாம் கோர்டியன் என்பது அவன் பெயர். பட்டம் அவனுக்கு, அதிகாரம் எல்லாம் சுற்றி இருந்த பெரியவர்களுக்கு. 244-இல், இருபது வயதுகூட ஆகாமல் போர்க்களப் பயணத்திலேயே இறந்து போனான். சின்ன வயசில் ராஜா ஆனவர்கள் பல பேருடைய கதை இப்படித்தான் முடிகிறது.

ஆனால் நம்ம பக்கத்து நெற்கட்டும்செவலில் அதைவிடச் சின்னப் பையன் ஒருவர் பட்டத்துக்கு வந்தார். அவர் 41 வருஷம் தாக்குப் பிடித்தார். அவர்தான் மாவீரர் பூலித்தேவர்.

1715-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி அவர் பிறந்ததாகக் கொண்டாடுகிறோம். தந்தை சித்திரபுத்திரத் தேவர், தாயார் சிவஞான நாச்சியார். பெற்றோர் வைத்த பெயர் காத்தப்பர். சின்ன வயதில் இலஞ்சி சுப்பிரமணிய பிள்ளை என்ற ஆசிரியரிடம் தமிழ் படித்தார் என்று சொல்வார்கள். படிப்போடு சிலம்பம், வாள், வேல், குதிரை ஏற்றம் எல்லாம் கற்றுக்கொண்டார். மகனுடைய திறமையைப் பார்த்த பெற்றோர் 1726-இல் தாங்களே அவருக்குப் பட்டம் கட்டினார்கள். அப்போது அவருக்கு வயது 11. நம்ம பள்ளிக்கூடக் கணக்கில் ஆறாம் வகுப்பு! அவருடைய மனைவி பெயர் கயல்கண்ணி. இலட்சுமி நாச்சியார் என்றும் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு மகளும் இரண்டு மகன்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஆற்காடு நவாப் முகமது அலி, பாளையக்காரர்களிடம் வரி கேட்டார். வசூல் செய்ய ஆங்கிலக் கம்பெனியின் படையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். உழுதவனும் அறுத்தவனும் இங்கே இருக்க, நெல்லும் பணமும் ஏன் ஆற்காட்டுக்குப் போகணும்? பூலித்தேவர் கட்ட மாட்டேன் என்று நின்றார். அதனால்தான் நெற்கட்டும்செவலை ‘நெற்கட்டான்செவல்’ என்றும் மக்கள் சொல்ல ஆரம்பித்தார்கள் என்பது நம்ம தாத்தா பாட்டி சொல்லும் கதை.

1755-இல் கர்னல் ஹெரான் என்ற வெள்ளைக்காரத் தளபதி படையோடு வந்து கோட்டை முன்னால் நின்றார். இருபதாயிரம் ரூபாய் கேட்டார். ஒரு காசும் கிடைக்கவில்லை. கோட்டையை உடைக்கும் அளவுக்குப் பெரிய பீரங்கி அவரிடம் இல்லாததால் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. 1857 சிப்பாய்ப் புரட்சிக்கு 102 வருஷத்துக்கு முன்னாடி நடந்தது இது என்பதை மறந்துடாதீங்க.

வெறும் வீரம் மட்டும் போதாது என்று பூலித்தேவருக்குத் தெரியும். மேற்குப் பாளையங்களை எல்லாம் ஒன்று சேர்த்தார். திருவிதாங்கூரோடும் கூட்டு வைத்தார். ஐதர் அலியிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் உதவி கேட்டார். ஆனால் கிழக்குப் பாளையங்கள் அவரோடு சேரவில்லை. திருவிதாங்கூரும் பின்னால் எதிரி பக்கம் போய்விட்டது. மராட்டியரோடு சண்டையில் இருந்த ஐதர் அலியால் உதவ முடியவில்லை. எல்லாரும் ஒன்றாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே மனசு வலிக்குது. அவரோடு கடைசி வரை நின்றவர்கள் ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி போன்ற தளபதிகள். வெவ்வேறு சாதியில் பிறந்தவர்கள் ஒரே கோட்டைக்காகச் சண்டை போட்டார்கள். ஒண்டிவீரனுக்கு 2022-இல் அஞ்சல் தலை வெளியிடப்பட்டது.

இனி நம்ம ஊர்க் கதை. பூலித்தேவருடைய முக்கியமான கோட்டைகள் மூன்று: நெற்கட்டும்செவல், பனையூர், நம்ம வாசுதேவநல்லூர். நம்ம கோட்டை கல்லால் கட்டியது இல்லை, மண் கோட்டைதான். கம்பெனிக்காகப் படை நடத்தி வந்த யூசுப்கான் (மருதநாயகம்) முதல் தடவை தாக்கியபோது இந்த மண் சுவரைத் தாண்ட முடியாமல் திரும்பினார். அப்புறம் பெரிய பீரங்கிகளோடு வந்து 1761 மே மாதம் மூன்று கோட்டைகளையும் பிடித்தார். ஆனால் அதே யூசுப்கானை நவாபும் கம்பெனியும் சேர்ந்து 1764-இல் மதுரையில் தூக்கில் போட்டார்கள். யாருக்காக உழைத்தாரோ அவர்கள் கையாலேயே முடிவு வந்தது!

பூலித்தேவர் திரும்பி வந்து மறுபடியும் படை திரட்டினார். 1767-இல் கம்பெனித் தளபதி கேம்பல் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். பீரங்கி சுவரில் ஓட்டை போடப் போட, உள்ளே இருந்தவர்கள் வைக்கோலையும் பனையையும் வைத்து அடைத்துக்கொண்டே இருந்தார்கள். தங்கள் உயிர் போகும் என்று தெரிந்தும் அடைத்தார்கள். இதைப் பார்த்து எதிரியே வியந்து எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் கோட்டை விழுந்தது. பூலித்தேவர் தப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார்? பிடிபட்டுப் போகும் வழியில் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டார் என்றும், சந்நிதியில் விலங்கு அறுந்து ஜோதியில் கலந்தார் என்றும் மக்கள் நம்புகிறார்கள். அந்தக் கோவிலில் பூலித்தேவர் அறை என்று ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. நெற்கட்டும்செவலில் அரசு நினைவு மாளிகையும் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பர் 1-ஆம் தேதியும் அங்கே விழா நடக்கும். ஒரு தடவையாவது போய்ப் பாருங்க.

நண்பர்களே! நாம் சின்னப் பிள்ளைங்கதானே, நம்மால் என்ன முடியும் என்று நினைக்காதீங்க. 11 வயதில் பொறுப்பை ஏற்றவர் 52-ஆம் வயதிலும் அதைக் கைவிடவில்லை. அவர் தோற்றதற்குக் காரணம் வயசும் இல்லை, வீரக் குறைவும் இல்லை. அக்கம்பக்கத்தார் ஒன்று சேராததும் ஒரு காரணம். நம்ம வகுப்பிலும் தெருவிலும் அந்தத் தவறு நடக்காமல் பார்த்துக்கொள்வோம்.


– ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு