பொறுப்பைக் கொடுத்து ஆளை வளர்த்தவர்

1947 நவம்பரில் ஆமதாபாதில் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்குக் கிடைத்த இடம், எம்.ஜி. அறிவியல் கல்லூரியின் சில அறைகள். தொடங்கியவருக்கு வயது 28. காஸ்மிக் கதிர் ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று அந்த ஆண்டுதான் நாடு திரும்பியிருந்தார். நகரின் பெரும் ஆலை அதிபர் ஒருவரின் மகன். இயக்குநர் நாற்காலியில் அவரே அமர்ந்திருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்கள். அவரோ, வானிலைத் துறையிலிருந்து 1948-இல் ஓய்வு பெற்ற 55 வயது கே.ஆர். இராமநாதனை அழைத்து வந்து அதில் அமர்த்தினார். பாலக்காட்டைச் சேர்ந்த இராமநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர், சி.வி. ராமனின் மாணவர். அவருடைய தலைமையின் கீழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டார் விக்ரம் சாராபாய். இந்த ஏற்பாடு ஏறத்தாழ 18 ஆண்டுகள் நீடித்தது.

இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை என்று சாராபாயைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர் செய்த மற்றொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பணியிடத்தில் மனிதர்களை வளர்ப்பதும், அவர்களுள் தலைமைக்குரியவர்களை உருவாக்குவதுமே அந்த வேலை. இன்று ஊழியர் மேம்பாடு என்றதும் நம் அலுவலகங்களுக்கு நினைவுக்கு வருவது, நட்சத்திர விடுதியில் இரண்டு நாள் வகுப்பு, மதிய விருந்து, இறுதியில் ஒரு சான்றிதழ், குழுப் புகைப்படம். திங்கள்கிழமை இருக்கைக்குத் திரும்பும் ஊழியருக்கு அதே மேலாளர், அதே கோப்பு, எதற்கும் மேலிடத்து ஒப்புதல். சாராபாய் பயிற்சி வகுப்புகளுக்கு எதிரியல்லர். இந்நாட்டின் புகழ்பெற்ற மேலாண்மைக் கல்விக்கூடத்தையே நிறுவியவர். ஆனால், வகுப்பறைக்கு வெளியே அவர் கையாண்ட முறை வேறு.

சாராபாய் 1919 ஆகஸ்ட் 12 அன்று பிறந்தார். தந்தை அம்பாலால், காலிகோ மில்லின் உரிமையாளர். பிள்ளைகளுக்காகத் தாய் சரளாதேவி வீட்டு வளாகத்திலேயே மாண்டிசோரி முறையைத் தழுவிய பள்ளி ஒன்றை நடத்தினார். அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டில்தான் ஆமதாபாத் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் பக்கம் நின்றவர் அம்பாலாலின் சொந்தச் சகோதரி அனசூயா. எதிரில் ஆலை அதிபர்களின் அணியில் அம்பாலால். காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்த பின்னர் நடுவர் தீர்ப்புக்கு இரு தரப்பும் உடன்பட்டு, முடிவில் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கிடைத்தது. 1920-இல் அனசூயா தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். முதலாளியும் தொழிற்சங்கத் தலைவியும் ஒரே குடும்பத்தில் இருந்த சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு, உழைப்பவர் என்பவர் கணக்கேட்டில் எழுதப்படும் கூலிச் செலவு மட்டுமல்லர் என்பது தெரிந்திருக்கத்தானே செய்யும்?

கேம்பிரிட்ஜ் படிப்பு, போர்க்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராமனின் மேற்பார்வையில் ஆய்வு, 1942-இல் நடனக் கலைஞர் மிருணாளினி சுவாமிநாதனுடன் திருமணம் ஆகியவை நன்கு அறியப்பட்ட செய்திகள். நமக்கு வேண்டியது 1947-க்குப் பின் அவர் நடத்திய இன்னொரு நிறுவனம்.

ஆமதாபாத் ஜவுளித் தொழிலின் ஆராய்ச்சிச் சங்கமான அட்டிரா, ஒன்றோடொன்று போட்டியிட்ட ஆலை அதிபர்கள் கூட்டாகப் பணம் போட்டு, அரசின் துணையுடன் உருவாக்கியது. 1956 வரை அதன் மதிப்புறு இயக்குநர் சாராபாய். அவர் பணியில் சேர்த்தவர்களுள் பலர், தறிக்கூடத்து இரைச்சலுக்குப் பழகாத இளம் அறிவியல் பட்டதாரிகள். தலைமுறை தலைமுறையாக நூலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொன்ன நகரில் இது துணிச்சலான செயல்தான். அனுபவம் உள்ளவர் ஏற்கெனவே தெரிந்த விடையைத்தான் சொல்வார், அளந்து பார்க்கக் கற்றவர் புதிய கேள்வியைக் கேட்பார் என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும். பின்னர் 1956-இல் கோவையில் தொடங்கிய சிட்ரா உள்ளிட்ட கூட்டுறவு ஆராய்ச்சிச் சங்கங்களுக்கு அட்டிரா முன்னோடி.

அட்டிராவில் பஞ்சுக்கும் நூலுக்கும் மட்டுமன்றி, மனித உறவுகளுக்கும் ஒரு பிரிவு இருந்தது. அதை நடத்தியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற கமலா சௌத்ரி. 1950-களின் தொடக்கத்தில், ஆண்களே நிறைந்த ஆலை உலகை ஆராயும் பொறுப்பை ஓர் இளம் பெண்ணிடம் ஒப்படைப்பது இன்றைய நிறுவனங்கள் பலவற்றுக்கும்கூட எளிதாக இராது.

அதே காலத்தில் சாராபாய் குடும்பத்துக் காலிகோ மில்லில், அண்ணன் கௌதமின் முயற்சியால் மற்றொரு சோதனை நடந்தது. புதிய தானியங்கித் தறிகளை வாங்கிப் பொருத்தியும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் 1953-இல் வந்து பார்த்தார். நெய்பவர், இழை முடிபவர், எண்ணெய் விடுபவர், துடைப்பவர் என வேலை சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருந்தது. ஒருவர் பல தறிகளுக்கு இடையே ஓட வேண்டும். ஆனால், எந்தத் தறியும் எவருடைய பொறுப்பும் அன்று. குறிப்பிட்ட தறிகளை ஒரு சிறு குழு முழுமையாகக் கவனித்துக்கொண்டால் என்ன என்ற யோசனை பேசப்பட்டது. மேலிடம் பட்டியல் போடுவதற்குள் தொழிலாளர்களே தங்களுக்குள் குழுக்களை அமைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் சில தடுமாற்றங்கள் இருந்தன. பின்னர் உற்பத்தி கூடியது, துணிச் சேதம் குறைந்தது. உலகெங்கும் மேலாண்மைப் பாடநூல்களில் இன்றும் இடம்பெறும் சோதனை இது. ஆண்டுகள் பல கழித்து மீண்டும் ஆராய்ந்தபோது, எல்லாக் கூடங்களிலும் அம்முறை நிலைத்திருக்கவில்லை. சிலவற்றில் பழைய பழக்கமே திரும்பியிருந்தது. பொறுப்பைக் கொடுப்பது ஒரு நாள் வேலை. கொடுத்ததைத் திரும்பப் பறிக்காமல் இருப்பதுதான் கடினம் போலும்.

ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் கதையும் இங்கிருந்தே கிளைக்கிறது. 1961 டிசம்பரில் அது நிறுவப்பட்டபோது ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஒத்துழைப்பையும் போர்டு அறக்கட்டளையின் உதவியையும் பெற்றுத் தந்ததில் சாராபாயின் பங்கு பெரிது. மத்திய அரசு, மாநில அரசு, தொழில் துறையினர் என மூவரும் அதில் பங்காளிகள். அதனால் எவர் ஒருவரின் கைப்பாவையாகவும் அது ஆகவில்லை. கமலா சௌத்ரி தொடக்ககால ஆசிரியர்களுள் முதன்மையானவர். பட்டயப் படிப்புக்கு மாணவர்களைச் சேர்த்தது போலவே, ஏற்கெனவே வேலையில் இருப்போருக்காக மூன்றடுக்குப் பயிற்சி ஒன்றையும் அது நடத்தியது. நடுநிலை, உயர்நிலை, தலைமைநிலை மேலாளர்கள் ஆகிய மூன்று அடுக்கினரும் கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கீழே இருப்பவரை மட்டும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, தமக்குக் கற்க ஏதுமில்லை என்று இருந்துவிடும் மேலதிகாரியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அங்கும் சாராபாய் மதிப்புறு இயக்குநர்தான். 1965-இல் முழுநேர இயக்குநராக ரவி மத்தாய் நியமிக்கப்பட்டார். வயது 38, ஆக்ஸ்போர்டில் இளங்கலைப் பட்டம், கொல்கத்தாவில் தனியார் நிறுவனப் பணி, பின்னர் அந்நகர மேலாண்மைக் கழகத்தில் பேராசிரியர் பணி. முனைவர் பட்டம் இல்லை. இன்றைய விதிமுறைப்படி விண்ணப்பமே நிராகரிக்கப்படக்கூடிய ஒருவர். ஆசிரியர்களே முடிவெடுக்கும் மரபை அக்கழகத்தில் வேரூன்றச் செய்தவர் அவர்தான்.

தும்பாவை எல்லோரும் அறிவர். திருவனந்தபுரத்துக்கு அருகே மீனவர் சிற்றூர்; தேவாலயம் அலுவலகமாயிற்று, ஆயர் இல்லம் பட்டறையாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து ஏவப்பட்டது. மிதிவண்டியில் ராக்கெட்டின் பகுதியை வைத்துத் தள்ளிச் செல்லும் புகைப்படத்தை ஒவ்வொரு விண்வெளி வெற்றியின்போதும் நாம் பகிர்ந்து நெகிழ்கிறோம். அந்தப் படம் சொல்வது வறுமையை. அதைவிடக் கவனிக்கத்தக்கது, அங்கிருந்தவர்களின் வயதும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையும். சென்னை எம்.ஐ.டி.யில் பயின்ற ஆர். ஆராவமுதன், ராமேசுவரத்து அப்துல் கலாம் உள்ளிட்ட சில இளம் பொறியாளர்கள் நாசாவுக்கு அனுப்பப்பட்டு ராக்கெட் ஏவுதலைக் கற்று வந்தனர். முழுத் தகுதி பெற்ற பின் பொறுப்பு என்ற வழக்கமான வரிசையை அவர் தலைகீழாக்கினார்: பொறுப்பு முதலில், தகுதி அதைச் சுமக்கும்போது.

கலாமின் தன்வரலாறான அக்னிச் சிறகுகளில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தில்லிக்கு வரவழைக்கப்பட்ட கலாமையும் விமானப்படை அதிகாரி ஒருவரையும் விடியலுக்கு முன்பே விடுதியில் சந்தித்த சாராபாய், நகருக்கு வெளியே இருந்த திலபத் சோதனைத் தளத்துக்குத் தாமே காரில் அழைத்துச் செல்கிறார். போர் விமானம் குறைந்த தூரத்தில் மேலெழ உதவும் வெளிநாட்டு ராக்கெட் பொறியைக் காட்டி, இதை 18 மாதங்களில் செய்ய முடியுமா என்று கேட்கிறார். அதுவரை அப்படி ஒன்றைச் செய்திராத அவர்கள் ஒப்புக்கொள்கின்றனர். அன்று மாலையே செய்தி வெளியாகிவிடுகிறது. அப்புறம் பின்வாங்க வழி ஏது? இதை ஊக்குவித்தல் என்றும் சொல்லலாம், சிக்கவைத்தல் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் கலந்ததாகவே தோன்றுகிறது. ஆனால், அந்த அதிகாலைக் கார்ப் பயணத்தில் தலைவரே உடன் இருந்தார் என்பதை விட்டுவிடக் கூடாது. இலக்கை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு மறைந்துவிடும் இன்றைய பழக்கத்தோடு இதைச் சேர்த்து எண்ண முடியாது.

இந்த முறைக்கு விலை இல்லாமலில்லை. ஒரே வேலையை ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களிடம் கொடுக்கும் வழக்கம் தும்பாவில் போட்டியை வளர்த்தது, பூசலையும் வளர்த்தது. அதிகார எல்லைகள் தெளிவாக வரையப்படவில்லை. 1966 ஜனவரியில் விமான விபத்தில் ஹோமி பாபா இறந்தபின் அணுசக்தி ஆணையத் தலைமையும் சாராபாயிடம் வந்தது. பாபாவின் கண்டிப்பான ஒழுங்குக்குப் பழகிய மூத்தவர்கள் பலருக்கு அவருடைய தளர்வான போக்கு ஒத்துவரவில்லை. 1969-இல் இஸ்ரோ உருவானது. ஒருபுறம் அணுசக்தி, மறுபுறம் விண்வெளி, ஆமதாபாத் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் பொறுப்பு வேறு. முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் விமானப் பயணத்தின் நடுவே அவரைப் பிடித்துப் பேச வேண்டியிருந்தது. பிறருக்குப் பொறுப்பைப் பகிர்ந்தளித்தவர் தம் தோளில் ஏறியதை இறக்கி வைக்கவில்லை என்பதே அவர் வாழ்வின் பெரும் முரண். 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில், தங்கியிருந்த அறையில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 52.

அவரால் உருவானவர்கள் அவரின்றி இயங்க முடியுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. 1972-இல் விண்வெளிக்குத் தனித் துறை அமைந்தது. சில மாத இடைவெளிக்குப் பின் இஸ்ரோ தலைமையை ஏற்ற சதீஷ் தவன், சாராபாய் விட்டுச்சென்ற உற்சாகத்துக்குத் திட்ட மேலாண்மை என்ற சட்டகத்தைக் கொடுத்தார். அந்த ஒழுங்கு வந்திராவிட்டால் உற்சாகம் கரைந்துபோயிருக்கும் என்று சொல்பவர்களோடு எனக்கும் உடன்பாடு உண்டு. எனினும், ஒழுங்குபடுத்துவதற்கு ஆட்கள் இருந்தார்கள். 1975-இல் ஆர்யபட்டா செயற்கைக்கோளை உருவாக்கிய குழுவின் தலைவர் யு.ஆர். ராவ், ஆமதாபாதில் சாராபாயின் ஆய்வு மாணவர். 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்திய எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநர் கலாம். தவனுக்குப் பின் யு.ஆர். ராவும், அவருக்குப் பின் அதே ஆமதாபாத் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு செய்த கஸ்தூரிரங்கனும் 2003 வரை இஸ்ரோவை வழிநடத்தினர். இதற்கிடையே, தலைமுறைகளாகச் சாராபாய் குடும்பத்தின் பெருமையாக விளங்கிய காலிகோ மில் 1990-களில் மூடப்பட்டுவிட்டது.

மேலாண்மைக் கழகத்திலிருந்து வெளிவந்தவர்களுள் பெரும்பாலோர் சோப்பும் பற்பசையும் விற்கவும், பின்னர் வங்கிகளுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் சென்றனர் என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயமும் உண்டு. வேளாண்மைக்கும் கூட்டுறவுக்கும் மேலாளர்கள் வேண்டும் என்ற தொடக்க கால நோக்கம் முழுதாக நிறைவேறவில்லை.

ஆனால், ரவி மத்தாய் செய்தது இன்னொன்று. ஏழாண்டுகள் இயக்குநராக இருந்தவர், 1972-இல் தாமாகவே பதவியிலிருந்து இறங்கினார். வேறு பெரிய பதவி தேடிப் போகவில்லை. அதே கழகத்தில் பேராசிரியராகத் தொடர்ந்தார். 1970-களின் நடுவில் இராஜஸ்தானில் அப்போது அஜ்மீர் மாவட்டத்தில் இருந்த ஜவாஜாவுக்குச் சென்று, வறட்சியில் வாடிய அப்பகுதியின் தோல் தொழிலாளர்களோடும் நெசவாளர்களோடும் அமர்ந்தார். தங்கள் பொருளுக்குத் தாங்களே விலை சொல்லவும், கணக்கு எழுதவும், சங்கத்தை நடத்தவும் அவர்கள் கற்றுக்கொள்வதற்காகப் பல ஆண்டுகளைச் செலவிட்டார்.