மூன்றாம் தடவை ஜெயித்த சுப்பாராவ்



காலாண்டுத் தேர்வில் அறிவியலில் எனக்கு 31 மார்க். ஃபெயில்! மயிலாப்பூர் தெப்பக்குளம் வழியாக அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் எங்க டீச்சர் கூப்பிட்டு, எல்லாப்பிரகட சுப்பாராவ் பத்திப் படிச்சிட்டு வரச் சொன்னாங்க. படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை, நம்ம திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து ஜெயித்தார்! பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே அவர் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

மனம் தளராமல் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து, பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். பாஸ்பரஸ் கூடக் கூட கரைசலில் நீல நிறம் அடர்த்தியாகும். நிறத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடலாம்!

இதில் என்ன பெருமை என்று கேட்கிறீர்களா? செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் பாஸ்பரஸ் சேர்ந்த கொழுப்பு முக்கியமானது. அந்தக் கொழுப்பைத் தண்ணீரில் சேர்த்தால் தானாகவே குட்டிக் குட்டிப் பைகளாக மூடிக்கொள்ளும். உயிரில்லாத செல் மாதிரி! வெளியே சர்க்கரைக் கரைசல் கெட்டியானால், பைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறும். உருண்டைப் பை தொளதொளவென்று ஆகி முட்டை போல, தட்டு போல, கிண்ணம் போல உருமாறும். இப்படிப்பட்ட பைகளில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க, சுப்பாராவ் முறையை ஒட்டிய சோதனை இன்றும் உதவுகிறது.

1929-ல் ஃபிஸ்கேயும் அவரும் ஏ.டி.பி. பற்றியும் வெளியிட்டார்கள். செல்லுக்குச் சக்தி தரும் பொருள் இது. இது தீர்ந்துபோனால், தட்டு போன்ற இரத்தச் சிவப்பணுகூட முள் முளைத்த உருண்டையாகிவிடும். அதாவது, உயிருள்ள செல் தன் வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே சக்தி செலவழிக்கிறது!

1948-ல், 53 வயதில் சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

என் விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சவ்வூடு பரவல் கேள்வியைத்தான் எழுதாமல் விட்டிருக்கேன்! இப்போ கேட்டால் படம் போட்டே எழுதுவேன்.

அவர் இரண்டு தடவை தோற்றும் விடலை. நான் ஒரு தடவைதானே தோத்திருக்கேன்? அரையாண்டில் பார்க்கலாம் நண்பர்களே!