மசிச்ச உருளையும் ஒரு கலெக்டரும்

போன கிறிஸ்துமஸ் லீவுக்கு நாங்க நாலு பேர் ஊருக்குப் போகல. ப்ராஜெக்ட் ரிவ்யூ தலைக்கு மேல. திருப்பரங்குன்றம் பக்கம் வாடகை வீடு. நாலு பேர்ல ஒருத்தனுக்குத்தான் அது பண்டிகை, ஆனா பண்டிகைன்னா எல்லாருக்கும்தானே சாப்பாடு? பிரியாணி எப்பவும் கிடைக்கும், இந்தத் தடவை வெள்ளைக்காரங்க மாதிரி பூண்டு போட்டு மசிச்ச உருளைக்கிழங்கு பண்ணுவோம்னு முடிவாச்சு.

முதல் ரவுண்டு படுதோல்வி. வேகவச்ச கிழங்கை மிக்ஸியில போட்டோம். வந்தது போஸ்டர் ஒட்டற பசை. காரணம் சிம்பிள்: பிளேடு சுத்துற வேகத்துல கிழங்கோட செல்கள் கிழிஞ்சு, மாவுச்சத்து மொத்தமும் வெளிய வந்து கோந்தாகிடும். சூடா இருக்கறப்பவே கையால மசிக்கணும். அதுக்கு நம்ம வீட்டுல கீரை கடையற மத்து இருக்கே, அதைவிட நல்ல கருவி வேணாம். பூண்டை உரிச்சு பால்லயே மெதுவா வேகவச்சு, அந்தப் பாலையும் வெண்ணெயையும் சேர்த்துக் கடைஞ்சா காரம் போய் மணம் மட்டும் நிக்கும்.

ரெண்டாவது ரவுண்டுக்குக் கிழங்கு வாங்க மாட்டுத்தாவணி போனேன். கடைக்கார அக்கா கேட்ட முதல் கேள்வி, ஊட்டியா ஆக்ராவா தம்பி? பூண்டு கொடைக்கானல் மலைப்பூண்டு, 2019-ல புவிசார் குறியீடு வாங்கினது, அதனால அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா தென் அமெரிக்காவுல பொறந்த உருளைக்கு எப்படி ஊட்டின்னு பேர் வந்துச்சு? வீட்டுக்கு வந்து தேடினப்ப சிக்கினவர்தான் ஜான் சல்லிவன்.

நீங்க ஊட்டிக்கு டூர் போயிருப்பீங்க. போட் ஹவுஸ்ல க்யூல நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. அந்த ஏரியே இவர் வெட்ட வச்சதுதான்.

1788-ல லண்டன்ல பிறந்தவர். நாம பத்தாவது படிக்கற வயசுல கிழக்கிந்திய கம்பெனியில எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து மதராஸுக்குக் கப்பல் ஏறிட்டார். 1815-ல கோயம்புத்தூர் கலெக்டர். அப்ப வயசு 27. (நம்ம சீனியர்கள் அந்த வயசுல இன்னும் நோட்டீஸ் பீரியட்ல இருக்காங்க.) கீழ இருந்து பார்த்தா நீலமாத் தெரியற மலைமேல என்ன இருக்குன்னு கம்பெனிக்குச் சரியாத் தெரியாத காலம். 1818-ல ரெண்டு பேர் ஏறிப் பார்த்துட்டு வந்து, அங்க குளிருதுன்னு சொன்னாங்க. 1819 ஜனவரியில சல்லிவனே கிளம்பினார். ரோடு கிடையாது, காட்டு விலங்கு பயம் வேற. கூடப் போனவர்கள்ல சிலர் உயிரோட திரும்பல.

மேல போனவருக்கு அந்த ஊர் பிடிச்சுப்போச்சு. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்குல ஒரு வீடு கட்டினார், அது இப்ப நினைவகம். சிறுமுகையிலிருந்து மேல பாதை போட வச்சார். 1822-ல ஊட்டியில கல் பங்களா எழும்ப ஆரம்பிச்சது. ஸ்டோன் ஹவுஸ்னு பேர், இன்னைக்கும் அங்க இருக்கற அரசு கலைக் கல்லூரி வளாகத்துல நிக்குது. அப்புறம் தோட்டம். முட்டைகோஸ், டர்னிப், பார்லி, ஆப்பிள், பீச், கூடவே உருளைக்கிழங்கு. ராகியும் சாமையும் போட்டுக்கிட்டிருந்த படுகர்கள் கொஞ்ச காலத்துல உருளையை எடுத்துக்கிட்டாங்க. மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு மூட்டை இறங்கற கதையோட ஆரம்பம் இதுதான். மதுரை பூரி மசாலாவுக்கும் அதுல பங்கு உண்டு.

இதுவரைக்கும் படிச்சா நல்ல மனுஷன், சிலை வைக்கலாம்னு தோணும். கொஞ்சம் நில்லுங்க. அந்த நிலம் யாருது?

எருமை மேய்ச்ச தோடர்களுது. அவங்ககிட்ட ஏக்கர் ஒரு ரூபாய்னு வாங்கினார், நூற்றுக்கணக்கான ஏக்கர். வாங்கினவர் கலெக்டர், வித்தவங்க அவர் ஆட்சிக்குக் கீழ இருக்கறவங்க. இதுல பேரம் எங்க நடந்திருக்கும்? எனக்கு இந்த இடம் இன்னும் நெருடுது.

ஆனா கதை அங்க முடியல. 1827-ல லஷிங்டன் கவர்னரா வந்தார். ஊட்டியைப் படைவீரர்களுக்கான ஆரோக்கிய நிலையமா மாத்தணும்னு அவருக்கு ஆசை. மலை மொத்தமும் சர்க்கார் சொத்து, தோடருக்கு மேய்ச்சல் உரிமை மட்டும்தான்னு ஒரு வாதம் கிளம்புச்சு. சல்லிவன் அதை எதிர்த்தார். நிலம் தோடருக்கே முழுச் சொந்தம், எடுத்தா ஈடு கொடுத்துத்தான் எடுக்கணும்னு எழுதிக்கிட்டே இருந்தார். தோடருக்கு உரிமை இருந்தாத்தானே இவர் வாங்கினதும் செல்லும், அதுக்காகத்தான் பேசினாரோன்னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன். இருக்கலாம். ஆனா ஒரு கவர்னரை எதிர்த்து அதைப் பேசறதுல அவருக்கு லாபத்தைவிட நஷ்டம்தான் அதிகம். ஊட்டி நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போச்சு. 1830-ல நீலகிரியோட ஒரு பகுதியையே மலபாரோட சேர்த்துட்டாங்க.

அவர் இங்கிலாந்து போய்த் திரும்பி வந்து மதராஸ்ல பெரிய பதவிகள்லயும் இருந்தார். 1838-ல மனைவி ஹென்றியேட்டாவும் மகள் ஹாரியட்டும் இறந்துட்டாங்க. ரெண்டு பேரையும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுலதான் அடக்கம் பண்ணியிருக்கு. அடுத்த தடவை போனா போட் ஹவுஸ் க்யூவுல ஒரு மணி நேரத்தைக் குறைச்சுக்கிட்டு அங்க போய்ப் பாருங்க. 1841-ல வேலையை முடிச்சுக்கிட்டு அவர் கப்பல் ஏறினார். அங்க போயும் சும்மா இருக்கல, இந்திய சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்கறது ஒப்பந்தத்துக்கு விரோதம்னு 1853-ல புத்தகமே போட்டார். 1855-ல இறந்தார். லண்டன் பக்கத்துல அப்டன்ங்கற இடத்துல இருக்கற அவர் கல்லறையை ரொம்ப வருஷம் யாரும் கண்டுக்கல. 2009-லதான் நீலகிரியிலிருந்து தேடிப் போனவங்க அதைக் கண்டுபிடிச்சாங்க.

கிழங்கு விஷயத்துக்கு வர்றேன். அவர் கொண்டுவந்த பயிருக்கு 1961-ல நீலகிரியில நூற்புழு வந்துச்சு. மண்ணுக்குள்ள முட்டைக்கூடா வருஷக்கணக்குல உயிரோட கிடக்கற புழு. அதனால நீலகிரி விதைக்கிழங்கு வெளிய போகக் கூடாதுன்னு அரசு தடை போட்டுச்சு. அங்க நிறைய நிலம் இப்ப தேயிலைக்கு மாறியாச்சு. ஊட்டிக் கிழங்குக்கு அக்கா கிலோவுக்குக் கூடச் சொன்னப்ப நான் பேரம் பேசினேன். இதெல்லாம் படிச்சது அப்புறம்தான்.

ரெண்டாவது ரவுண்டு நல்லா வந்துச்சு. நண்பன் அவங்க அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினான். வெறும் கிழங்கையா பண்டிகைக்குச் சாப்பிடப் போறீங்க, ஒரு முட்டையாவது அவிச்சுக்கக் கூடாதான்னு கேட்டாங்க. நாலு முட்டை அவிச்சோம். மிச்சமான கிழங்கை மறுநாள் காலையில பச்சை மிளகாய் தாளிச்சுப் போட்டு தோசைக்குள்ள வச்சுட்டோம்.