எலியட் ஜாஸ்லின்

எலியட் புராக்டர் ஜாஸ்லின் (ஜூன் 6, 1869 – ஜனவரி 28, 1962) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். அந்நாட்டில் நீரிழிவு நோயையே தம் தனித்துறையாகக் கொண்ட முதல் மருத்துவராக இவர் கருதப்படுகிறார். உண்ட உணவையும், அதனால் உடலில் சர்க்கரை கூடிக் குறைவதையும் நோயாளியே நாள்தோறும் அளந்து எழுதிவர வேண்டும் என்னும் முறையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். இன்று தோலில் ஒட்டிக்கொள்ளும் சிறு உணரிகள் செய்யும் வேலையை, இவர் காலத்தில் சமையலறைத் தராசும் சோதனைக் குழாயும் ஒரு குறிப்பேடும் செய்தன.

இளமையும் கல்வியும்

ஜாஸ்லின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார் (இது இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு அன்று). யேல் கல்லூரியில் 1890ஆம் ஆண்டு பட்டம் பெற்று, சிறிது காலம் உடலியங்கியல் சார்ந்த வேதியியல் பயின்றார். 1895இல் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஐரோப்பா சென்று, அக்காலத்தில் நீரிழிவு ஆய்வில் பெயர் பெற்றிருந்த பெர்னார்டு நானினிடமும் கற்றார். 1898இல் பாஸ்டன் நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

பேரேடு

மாணவராக இருந்தபோதே, 1893இல், தாம் பார்த்த நீரிழிவு நோயாளியைப் பற்றிய குறிப்பை ஜாஸ்லின் ஒரு பேரேட்டில் பதிந்தார். அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. 1898இல் தம் ஆசிரியர் ரெஜினால்டு ஃபிட்ஸ் உடன் சேர்ந்து, மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1824 முதல் சேர்க்கப்பட்ட 172 நீரிழிவு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். எழுபத்து நான்கு ஆண்டுகளில் மருத்துவம் அந்நோயாளிகளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பதை அப்பதிவுகள் காட்டின.

இவர் தொழிலைத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இவருடைய தாயாருக்கும் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. தாயாரின் விவரமும் பேரேட்டில் ஏறியது. உணவுக் கட்டுப்பாட்டுடன் அவர் பத்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். பேரேட்டின் பிற பக்கங்களில், குறிப்பாகச் சிறுவர்களின் பக்கங்களில், நோய் கண்ட நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே இருந்தன.

உணவும் அளவும்

1908 முதல் பாஸ்டனில் இருந்த கார்னெகி ஊட்டச்சத்து ஆய்வகத்தில் பிரான்சிஸ் பெனடிக்ட் என்பவருடன் சேர்ந்து, நோயாளிகள் உண்ணும்போதும் பட்டினி இருக்கும்போதும் உடலில் ஏற்படும் மாற்றங்களை ஜாஸ்லின் அளந்தார். இதே காலத்தில் ஸ்டான்லி பெனடிக்ட் என்னும் வேறொரு வேதியியலாளர், சிறுநீரில் சர்க்கரையைக் காட்டும் நீலநிறக் கரைசல் ஒன்றை உருவாக்கினார். பெயர் ஒன்றாயினும் இருவரும் வேறு வேறு ஆட்கள்.

கரைசலில் சில துளி சிறுநீரை விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லையெனில் நீலம் மாறாது. சர்க்கரை கூடக்கூடப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என நிறம் மாறும். ஜாஸ்லின் இச்சோதனையை ஆய்வகத்தில் இருந்து வீட்டுக்குக் கொண்டு சென்றார். நோயாளி ஒவ்வோர் உணவையும் நிறுத்து உண்ண வேண்டும். சிறுநீரைச் சோதிக்க வேண்டும். இரண்டையும் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்கறிகளை மாவுச்சத்தின் அளவுப்படி 5, 10, 15, 20 விழுக்காடு எனப் பிரித்த இவரது பட்டியல் இதற்குத் துணையாக இருந்தது. 1916இல் தம் ஆயிரம் நோயாளிகளின் விவரங்களை அடிப்படையாகக் கொண்டு மருத்துவர்களுக்கான நூலை வெளியிட்டார். 1918இல் வந்த கையேடு மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்துவதற்கென எழுதப்பட்டது. நோயாளியைக் கற்பவராகக் கருதியமையே இவரது பெரும் பங்களிப்பு எனலாம்.

இச்சோதனைக்குக் குறைகள் இருந்தன. குருதியில் சர்க்கரை டெசிலீட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அது பொதுவாகச் சிறுநீரில் இறங்கும். அதற்குக் கீழே என்ன நடந்தாலும் கரைசல் நீலமாகவே இருக்கும். மேலும் அது காட்டுவது அந்நொடியின் நிலையை அன்று. கடந்த சில மணி நேரத்தின் நிலையை. ஒரு வேளை உணவின் ஏற்ற இறக்கத்தை வரைகோடாகப் பார்க்க அதனால் இயலாது.

அக்காலச் சிகிச்சையின் கொடுமையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பிரெடெரிக் ஆலன் வகுத்த பட்டினி முறையை ஜாஸ்லினும் பின்பற்றினார். மாவுச்சத்து வெளியேறும்படி மும்முறை வேகவைத்து நீரை வடித்த காய்கறிகளே சிலருக்கு உணவாயின. சர்க்கரை குறைந்தது, உடலும் எலும்பும் தோலுமாயிற்று.

இன்சுலின்

1921–22இல் தொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922 ஆகஸ்டில் ஜாஸ்லின் தம் நோயாளிகளுக்கு அதைத் தரத் தொடங்கினார். இன்சுலின் வந்தபின் அளவீடு தேவையில்லை என்று அவர் எண்ணவில்லை. எவ்வளவு மருந்து என்பது எவ்வளவு உணவு என்பதைப் பொறுத்தது ஆகையால் அளவீடு முன்னிலும் இன்றியமையாதது ஆயிற்று. உணவு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரே தேரில் பூட்டிய மூன்று குதிரைகளாக அவர் உவமித்தார். இதனைக் கற்பிக்கச் செவிலியர்களைப் பயிற்றி நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். 1924இல் இவருடன் சேர்ந்த பிரிசில்லா வைட், நீரிழிவுள்ள கருவுற்ற பெண்களுக்கான மருத்துவத்தில் புகழ்பெற்றார்.

கருத்து வேறுபாடு

1940களில் நியூயார்க்கின் எட்வர்டு டால்ஸ்டாய் போன்ற மருத்துவர்கள் ஜாஸ்லினின் கண்டிப்பை எதிர்த்தனர். உடல் எடை குறையாமல், மயக்கநிலை வராமல் இருந்தால் போதும்; சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி. தராசும் குறிப்பேடுமாக வாழ்வது நோயாளியின் மனத்தை ஒடுக்கும் என்ற அவர்களது வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை பழுதாவதற்குக் கட்டுப்பாடற்ற சர்க்கரையே காரணம் என்று ஜாஸ்லின் உறுதியாக நம்பினார். ஆயினும் தம் பேரேடுகளைத் தவிர அதற்கு வலுவான சான்று அவரிடம் இல்லை. ஐயம் தீராத நிலையிலேயே, 1962 ஜனவரியில், தம் 92ஆம் அகவையில் காலமானார்.

மறைவுக்குப் பின்

1993இல் வெளியான பெரும் ஆய்வொன்று இவ்வழக்கைத் தீர்த்தது. முதலாம் வகை நீரிழிவுள்ள 1,441 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் தொடர்ந்ததில், நாளொன்றுக்கு நான்கு முறையேனும் குருதியைச் சோதித்துத் தீவிரமாகக் கட்டுப்படுத்திய குழுவில், தொடக்கத்தில் கண் பாதிப்பு இல்லாதவர்களுக்கு விழித்திரை நோய் உண்டாகும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. ஆனால் அதே குழுவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது ஏறத்தாழ மும்மடங்காயிற்று. டால்ஸ்டாய் தரப்பின் அச்சமும் முற்றிலும் வீண் அன்று.

ஜாஸ்லின் மறைந்த அதே 1962இல் லேலண்டு கிளார்க், சாம்ப் லயன்ஸ் ஆகியோர் நொதியைக் கொண்டு குளுக்கோசை அளக்கும் மின்முனையை முன்மொழிந்தனர். இன்றைய அணியுணரிகள் பலவற்றின் மூலம் அதுவே. 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் தொடர் அளவி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று நாட்கள் வரை பதிவு செய்தது. ஆனால் அப்பதிவை நோயாளி உடனுக்குடன் காண முடியாது. பின்னர் மருத்துவரே எடுத்துப் பார்த்தார். பிந்தைய கருவிகள் வரைகோட்டை அணிந்தவரின் கண்ணெதிரே காட்டுகின்றன. 2024 மார்ச்சில் மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடிய உணரிக்கும் அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. இவையும் குருதியை நேரடியாக அளப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள திசுநீரை அளப்பதால், உண்டபின் சர்க்கரை விரைந்து ஏறும்போது சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும்.